பிரிட்ஜ் செருப்பு

எங்கள் தோட்டத்துக் குளிரில் பால் ஒரு ராத்திரியில் கெட்டுப்போகாது. பிறகு ஏன் பிரிட்ஜில் வைத்தாய் என்று சார்ஜன்ட் ஐயா கேட்டபோது நான் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். மரியாதை தெரியாதவன் என்று நினைத்திருப்பார். அவர் சிங்களத்தில் கேட்டது எனக்குப் புரிந்தது. ஆனால் இதை என்னால் தமிழில்தான் சொல்ல முடியும். நீங்கள் யாழ்ப்பாணத்து ஆள் என்று பேச்சிலேயே தெரிகிறது. என் பேச்சில் ஏதாவது விளங்காவிட்டால் நிறுத்திக் கேளுங்கள் ஐயா.

ஜஸீல் பாஸை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். பதுளை டவுனில் பிரிட்ஜ் பழுது பார்க்கிற மனிதர் அவர். என் பெண்சாதி ரெங்கம்மா கரண்ட் அடித்துச் செத்ததற்கு அவர் வேலையில் இருந்த குறைதான் காரணம் என்று கூப்பிட்டு விசாரிக்கிறீர்களாம். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. செய்யாத தப்புக்கு ஒருவர் பழி சுமப்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. அப்படிப்பட்ட வளர்ப்பு இல்லை எனக்கு.

என் பெயர் அழகையா. தெமோதரைக்கு மேலே உள்ள தோட்டம். தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், மோட்டார்களுக்கு எண்ணெய் போட்டு, வயர் அறுந்தால் முறுக்கிக் கட்டி, அப்படியே வயது போய்விட்டது. ரெங்கம்மா மலையில் கொழுந்தெடுத்தாள். அவள் கை மாதிரி ஒரு கை எங்கள் டிவிஷனில் இல்லை. கொழுந்தைக் கண்ணால் பார்க்க மாட்டாள். விரல் பட்டதும் இளசா முற்றலா என்று தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டே அரிசியில் கல் பொறுக்குவாள். வியாதி வந்த பிறகும் அந்தக் கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதையெல்லாம் நீங்கள் எழுத வேண்டியதில்லை, பேச்சு வாக்கில் சொல்கிறேன்.

சீனி வியாதி அவள் காலைத்தான் பிடித்தது. முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாது. அவள் பாட்டுக்கு முன்னே போவாள், செருப்பு ஒற்றையாகப் பின்னால் கிடக்கும். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு ஓடிவந்து கொடுப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போட்டுக்கொள்வாள். ஒருநாள் அடுப்பிலிருந்து விழுந்த தணலை மிதித்துக்கொண்டே என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். வாடை வந்த பிறகுதான் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். பட்ட காலிலே படும் என்பார்கள், அந்தப் புண் லேசில் ஆறவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு நான்தான் கால். புண்ணைக் கழுவிக் கட்டுவேன். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போடுவேன். ராத்திரி கைத்தாங்கலாகக் கக்கூசுக்குக் கூட்டிப்போவேன். பதுளை கிளினிக்குக்கு பஸ்ஸில் தூக்கி ஏற்றி இறக்குவேன். "அழகையா அண்ணன் மாதிரி புருசன் கெடைக்க போன ஜென்மத்துல புண்ணியம் பண்ணியிருக்கணும்" என்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் பொம்பளைகள் பேசிக்கொள்வார்கள். முதலில் அதைக் கேட்கப் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு எங்கே போனாலும் அந்தப் பேச்சு என்னோடு வந்தது. ஒருநாள் தலைவலி என்று படுத்தாலும் ஊரே வந்து, "ஐயோ, ரெங்கம்மாவ யாரு பாக்குறது" என்று கேட்கும். என் தலைவலியை யாரும் கேட்கவில்லை.

மொனராகலையில் என் தம்பி மாடசாமி கரும்புத் தோட்டத்துக்குக் காவல் இருக்கிறான். அங்கே குளிர் கிடையாது. பரண் மேல் உட்கார்ந்து கரும்பைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. "வந்து இருங்கண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். டாக்டர்கள் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். இந்த வயதில் காலை எடுத்தால் உடம்பு ரொம்ப நாள் தாங்காது என்று பக்கத்து வீட்டுக் காம்பராவில் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. அடுத்த வருஷம் வருகிறேன் என்று தம்பியிடம் சொல்லிவைத்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், எதற்கும் முன்கூட்டி யோசித்து வைக்கிற ஆள் நான்.

பிரிட்ஜ் வந்தது இன்சுலினுக்காக. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிற எங்கள் மகள் விஜயலெட்சுமி அனுப்பிய பணத்தில் பழைய பெட்டி ஒன்று வாங்கினோம். எங்கள் லயத்துக்கு முதல் பிரிட்ஜ் அதுதான். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தயிர், எதிர் வீட்டில் யாருக்கோ கால் சுளுக்கினால் ஐஸ் என்று எல்லாம் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். ரெங்கம்மா அதற்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, ஒரு மருமகளை அழைத்து வந்தது போல ஊரைக் கூட்டிக் காட்டினாள்.

போன மழைக்காலத்தில் ட்ரிப் சுவிட்ச் விழத் தொடங்கியது. தூக்கிவிட்டால் மறுபடி விழும். ஜஸீல் பாஸ் வந்து பார்த்தார். பின்பக்கம் கழற்றி, டெஸ்டர் வைத்து, தலையை ஆட்டினார். அண்ணன் என்பதற்கு அவர்கள் பேச்சில் காக்கா.

"காக்கா, பொட்டியோட பாடிக்குக் கரண்ட் வருகுது. கம்ப்ரசர் உள்ளுக்குப் பழுது, ஓடினாலும் கசியும். ட்ரிப் விழுகிறது பிழை இல்ல, அதுதான் உங்கட உயிரக் காப்பாத்துது. இத இனி வெச்சிருக்க வாணாம்."

எப்படிக் கழிக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். வயரோடு பிளக்கை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது கொண்டுபோய் மறுபடி குத்துவார்கள். கதவைக் கழற்றிவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் உள்ளே புகுந்து மூடிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். காஸ் குழாயில் கை வைக்காதீர்கள், அது தெரிந்தவர்கள் எடுக்க வேண்டும். பழைய இரும்பு எடுக்கிற வாஹித்தை லொறியோடு அனுப்பி வைப்பதாகவும் சொன்னார். இன்சுலினுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். கிளினிக் நர்ஸ் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். மண் சட்டிக்குள் சட்டி வைத்து, நடுவில் ஈர மணல் போட்டு வைத்தால் நம் குளிருக்கு அதுவே தாராளம். இவ்வளவு சொன்ன மனிதரைத்தான் நீங்கள் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

அவர் போன பிறகு ட்ரிப் சுவிட்சைச் சுற்றி ஒரு வயரைப் போட்டது நான். கரண்ட் கசிந்தாலும் அது இனி விழாது. லயத்து எர்த் கம்பியைச் செம்புக்காக யாரோ வெட்டிக்கொண்டு போய் வருஷக்கணக்காகிறது, அதை யாரும் கவனிக்கவில்லை. அந்த நேரத்தில் என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. மருந்து கெடக்கூடாது, அவ்வளவுதான். பெட்டியைப் பலகை மேல் ஏற்றி வைத்தேன். முன்னால் ஒரு சோடி ரப்பர் செருப்பு போட்டு, அதைப் போடாமல் யாரும் பிரிட்ஜைத் தொடக்கூடாது என்று சட்டம் வைத்தேன். பிரிட்ஜ் செருப்பு என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. ரெங்கம்மாவின் செருப்புக்குப் பின்னால் நாடா தைத்தேன், கழன்று போகாமல் இருக்க. தொட்டால் லேசாகச் சுள்ளென்று ஏதாவது தெரிந்தால் உடனே சொல்லு என்றும் சொல்லியிருந்தேன். இவ்வளவு கவனமாக யார் பார்த்துக்கொள்வார்கள், சொல்லுங்கள்.

ட்ரிப்பில் வயர் போட்டதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. பயப்படுவாள் என்று விட்டுவிட்டேன்.

வாஹித் இரண்டு தடவை லொறியோடு வந்தான். முதல் தடவை மழை, பாதை வழுக்குகிறது என்றேன். இரண்டாவது தடவை வந்தது காப்புக் கட்டின பிறகு. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கடைசியாக கிளினிக் போனபோது டாக்டர் துவாரகா அம்மா இருந்தார். உங்கள் ஊர்ப்பக்கம்தான், தங்கமான பிள்ளை. கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அம்மா, இனிப் பயமில்லை. புண் நல்லாக் காய்ஞ்சிட்டுது. காலை எடுக்கத் தேவையில்லை. மருந்தை ஒழுங்காப் போட்டியள் எண்டால் இன்னும் இருபது வருஷம் இருப்பியள்." பிறகு என் பக்கம் திரும்பி, "எல்லாம் ஐயா பார்த்த பார்வைதான்" என்றார்.

ரெங்கம்மா அழுதாள். நானும் அழுதேன். டாக்டர் அம்மா என் தோளைத் தட்டினார். எல்லாரும் அதைச் சந்தோஷத்தில் அழுத அழுகை என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் அதை எண்ணிப் பார்த்தேன். இருபது வருஷம். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மாரியாத்தா காப்பாற்றிவிட்டாள், இந்தத் திருவிழாவில் பால்குடம் எடுக்கிறேன் என்று பேசிக்கொண்டே வந்தாள். தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டாள். பாரம் தாங்காமல் எனக்குத் தோள் வலித்தது, ஆனால் நான் அசையவில்லை.

அன்றைக்கு மாடசாமியைப் போனில் கூப்பிட்டு, வர முடியாது என்று சொல்ல நினைத்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். சொல்ல முடியவில்லை.

எங்கள் தோட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. பால்குடம் எடுக்கிறவர்கள் கையில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை காலில் செருப்பு போடக்கூடாது. மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலியில் தலை முழுகி, மஞ்சள் தண்ணீர் ஊற்றிய ஈரச் சேலையோடுதான் பாலைத் தொட வேண்டும். கவிச்சி தின்றவர், குடித்தவர் யாரும் அந்தப் பாலில் கை வைக்கக்கூடாது. இதெல்லாம் நான் உண்டாக்கிய சட்டம் இல்லை. என் தாத்தா காலத்திலிருந்து இருப்பது.

காப்புக் கட்டி வந்த அன்று அவள் தன் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். பக்கத்தில் பிரிட்ஜ் செருப்பையும் எடுத்து வைத்தாள். இரண்டு சோடியும் ஒன்றாகக் கிடந்ததைப் பார்த்தேன். பார்த்தபோது ஒன்றும் நினைக்கவில்லை. அல்லது நினைத்தேனோ என்னவோ, அந்த இடம் எனக்கே தெளிவாக இல்லை. திருவிழா முடியும்வரை பிரிட்ஜைத் திறக்கிறதெல்லாம் நான்தான் என்று அவளிடம் சொன்னேன், அப்படியே செய்தும் வந்தேன். வாஹித் லொறியோடு வந்தது அதற்கு மறுநாள். "திருவிழா முடியட்டும் தம்பி" என்றேன். "அங்கிள், பிளக்கையாவது கழட்டி வையுங்க" என்றான். தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

பால் மேல் லயத்திலிருந்து முதல் நாள் சாயந்தரமே வந்துவிட்டது. வெளியே வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, சார்ஜன்ட் ஐயா சொன்னது சரி. நான் பிரிட்ஜில் வைத்தேன். பிறகு கீழே கடைப்பக்கம் போய்க் கொஞ்சம் சாராயம் குடித்தேன். நான் குடிக்கிறவன் இல்லை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும்கூடத் தொட்டதில்லை. தொண்டை எரிந்தது.

விடிந்து கோயிலில் மேளம் கேட்டது. ரெங்கம்மா பீலியில் முழுகிவிட்டு, தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு களையை நான் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு பார்க்கவில்லை. குடத்தை இடுப்பில் வைத்திருந்தாள்.

"ஏங்க, பால எடுத்துக் குடுங்க."

"நான் நேத்து குடிச்சிட்டேன் புள்ள. தொடக்கூடாது."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்களா குடிச்சீங்க" என்று கேட்டாள். "எனக்காகப் பட்ட பாடு, மனசு விட்டுப்போச்சு போல. பரவாயில்லங்க. இனிமே ஒங்களுக்குக் கஷ்டம் வராது, நான் நடந்துருவேன்" என்றாள். பிரிட்ஜ் பக்கம் போனவள் நின்றுவிட்டாள். சுவரோரம் கிடந்த செருப்பைப் பார்த்தாள்.

"செருப்பு போட முடியாதே. வெறுங்காலோட தொறக்கலாமாங்க?"

இந்த இடத்தை நன்றாக எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அவள் கேட்டாள். நான் வேண்டாம் என்றால் நின்றிருப்பாள். அடுத்த காம்பராவில் காப்புக் கட்டின வேறு யாரையாவது கூப்பிடவும் முடியாது, அவர்களும் வெறுங்கால்தான். ஆனால் பிளக்கைக் கழற்ற எனக்கு ஒரு கணம் போதும். பிளக்கைத் தொடுவதற்குத் தீட்டு கிடையாது.

"காப்புக் கட்டினவங்கள ஆத்தா பாத்துக்குவா" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் தோட்டத்தில் கரண்ட் போகாத நாள் கிடையாது, காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே போய்விடும். ஆத்தா நினைத்திருந்தால் அன்றைக்கும் போயிருக்கும். நான் அவளிடம் விட்டுவிட்டேன். என் கையில் என்ன இருக்கிறது.

ரெங்கம்மா சிரித்தாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கதவுப்பிடியைப் பிடித்தாள். பிடித்த கை விடவில்லை. கரண்ட் அப்படித்தான், கையை இறுக்கிவிடும், விட நினைத்தாலும் விட முடியாது. அவள் சத்தம் போடவில்லை, மேளச் சத்தம்தான் கேட்டது. நான் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றேன். அணைத்தேன். உடனே அணைக்கவில்லை.

பிறகு நான் கத்தினேன், ஆட்கள் ஓடி வந்தார்கள். விதி என்றார்கள். பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். இப்படிப் பார்த்துக்கொண்ட மனுசனுக்கு இப்படியா என்று சொன்னார்கள். மாடசாமி பஸ் பிடித்து வந்து கொள்ளி வைக்கும்வரை என் பக்கத்திலேயே நின்றான். மகள் போனில் அழுதாள். "ஒங்களுக்கு யாருப்பா இருக்காங்க இனிமே" என்றாள். அந்தப் பிள்ளையின் அழுகையைத்தான் தாங்க முடியவில்லை.

விறகு அடுக்குக்குப் பின்னால் சட்டிக்குள் சட்டி வைத்திருந்ததை உங்கள் ஆட்கள் கண்டெடுத்ததாகச் சொன்னீர்கள். ஈர மணலுக்கு நடுவில் இன்சுலின் போத்தல்கள். ஆமாம், முதல் நாள் சாயந்தரம், பாலை உள்ளே வைக்கும்போது நான்தான் அவற்றை வெளியே எடுத்தேன். மறுநாள் மெயினை அணைத்துவிட்டால் எப்போது போடுவார்களோ, மருந்து கெட்டுவிடும். விலை உயர்ந்த மருந்து, இன்னொரு நோயாளிக்கு உதவும். கிளினிக்கில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், டாக்டர் துவாரகா அம்மாவிடம் நான் கொடுத்ததாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. அந்தப் பிரிட்ஜ் இப்போது உங்கள் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் மழையில் நிற்கிறது, வரும்போது பார்த்தேன். கதவு அப்படியே இருக்கிறது. பக்கத்தில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ஒளிந்து விளையாடுகிறார்கள். வழக்குச் சாமான் என்று விட்டுவிடாதீர்கள், கதவைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். ஒரு உயிர் போனால் வருமா.

நான்தான் செய்தேன். ஜஸீலும் இல்லை, வாஹித்தும் இல்லை, ஆத்தாவும் இல்லை, நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றே ஒன்று எனக்கு ஆறுதல் ஐயா. அவளுக்கு ஒன்றும் வலித்திருக்காது. அவள் காலில்தான் உணர்ச்சியே இல்லையே.